எந்தப் பெட்டி

"சாய்ச்சுப் பிடிங்கப்பா, சாய்ச்சு! தலைப்பக்கம் மேல தூக்கு. ஐயோ, சுவத்துல இடிக்குது பாரு!"

இரண்டாவது மாடி வளைவில் பெட்டி சிக்கிக்கொண்டது. காலிப் பெட்டிதான். நாலு பேர் பிடித்தும் மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. சின்னவர் கீழ்ப்படியில் நின்று தோளால் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். பெட்டியைக் கொண்டுவந்த வண்டிக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டே, "இந்தப் படியைக் கட்டினவன், மேல குடியிருக்கிறவங்க சாகவே மாட்டாங்கன்னு நினைச்சுட்டான் போல" என்றார். யாரும் சிரிக்கவில்லை. யாரும் கோபித்துக்கொள்ளவும் இல்லை.

"இறக்கி வைங்க. கைப்பிடிக் கம்பியைக் கழட்டிட்டா வழி கிடைச்சிடும்" என்றார் சின்னவர்.

வீட்டுக்குள் போய்க் கருவிப்பையை எடுத்து வந்தார். அண்ணனுடைய பை. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் குழாய் வேலை. இந்த வட்டாரத்தில் யார் வீட்டில் தண்ணீர் ஒழுகினாலும், "பெரிய பைப்பையும் சின்னப் பைப்பையும் கூப்பிடு" என்பார்கள். இருபத்திரண்டு வருடம் இந்தப் பையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் பின்னால் நடந்தவர் சின்னவர். தொட்டிக்கு அடியில் தலையைக் கொடுத்துப் படுத்திருக்கும் அண்ணன் பேச மாட்டார், கையை மட்டும் பின்னால் நீட்டுவார். எந்த ஸ்பேனர் என்று கேட்கவே வேண்டாம், சின்னவர் சரியானதை எடுத்து உள்ளங்கையில் வைத்துவிடுவார். "என் தம்பிக்கு வாயால சொல்லணும்னு அவசியமே இல்ல" என்று அண்ணன் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வார்.

நாலு போல்ட்டைக் கழற்றிக் கம்பியைச் சுவரோரம் சாய்த்து வைத்தார் சின்னவர். பெட்டி திரும்பியது.

மேலே, வாசல் கதவு திறந்தே கிடந்தது. கூடத்தில் பாயில் அண்ணன் படுத்திருந்தார். பக்கத்தில் அண்ணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளாக அவள் வாயிலிருந்து, யாராவது கேட்டால் "ம்", கேட்காவிட்டால் அதுவும் இல்லை. பேச்சையெல்லாம் மொத்தக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டவள் அக்கா, செத்துப்போனவருக்கும் சின்னவருக்கும் மூத்தவள்.

"துடைச்சு விடும்போது நான் பார்த்தேனே! நெஞ்சு நடுவுல இவ்வளவு அகலத்துக்குக் கன்னிப்போயிருக்கு. ரெண்டு விலா ஒடஞ்சிருக்குன்னு ஆஸ்பத்திரிச் சீட்டுல எழுதியிருக்காம். பொட்டப்புள்ள கையா அது? சும்மா மயக்கம் போட்டவனைத் தண்ணி தெளிச்சு எழுப்பாம, ஏறி மிதிக்கிற மாதிரி மிதிச்சிருக்கா."

"அக்கா, சும்மா இரு" என்றார் சின்னவர்.

"எதுக்குடா சும்மா இருக்கணும்? பள்ளிக்கூடத்துல பாடம் சொல்லிக் குடுங்கன்னு அனுப்பினா, ஒரு ரப்பர் பொம்மையைக் குடுத்து அமுக்குடின்னு சொல்லிக் குடுத்திருக்காங்க. பொம்மைக்கு வலிக்குமா?"

சமையலறை வாசலில் குருவி நின்றிருந்தாள். அண்ணனின் ஒரே மகள், பதினோராம் வகுப்பு. குச்சி மாதிரி கையும் காலுமாகப் பிறந்ததால் குருவி. அத்தை பேசியது முழுக்க அவள் காதில் விழுந்தது. தண்ணீர்ச் செம்பைப் பெட்டி தூக்கி வந்தவர்களுக்கு நீட்டினாள். நீட்டிய கையில் மணிக்கட்டு வீங்கியிருந்தது. சின்னவர் அந்த மணிக்கட்டைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

முந்தாநாள் சாயங்காலம் நாலேகால் இருக்கும். ஒரு விடுதியில் அடைத்துக்கொண்ட குழாயைச் சரிசெய்துவிட்டு இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். அண்ணி வேலையிலிருந்து வரவில்லை. அண்ணன் தரையில் உட்கார்ந்து, "என்னமோ மாதிரி இருக்குடா" என்றார். சின்னவர், "காலையிலேர்ந்து சாப்பிடல, அதான்" என்று சொல்லி வாய் மூடுமுன் அண்ணன் பக்கவாட்டில் சரிந்தார்.

குருவி உள்ளேயிருந்து பேனாவும் கையுமாக ஓடி வந்தாள். தோளைத் தட்டி, "அப்பா! அப்பா, கேக்குதா?" என்றாள். மூக்கருகே கன்னத்தை வைத்து நெஞ்சைப் பார்த்தாள். பத்து எண்ணுகிற நேரம்கூட இல்லை. நிமிர்ந்தபோது அவள் முகம் மாறியிருந்தது. பயந்த முகமல்ல அது. கணக்குப் போடுகிற முகம்.

"சித்தப்பா, ஆம்புலன்சுக்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல வைங்க. வச்சுட்டு நீச்சல்குளத்துக்கு ஓடுங்க. டிக்கெட் ரூம் சுவத்துல பெட்டி இருக்கும். பெட்டியை எடுத்துட்டு வாங்க. ஓடுங்க!"

சின்னவர் ஓடினார். ஒரு செருப்பு படியிலேயே கழன்றது. தெருவைத் தாண்டி, மைதானத்தைச் சுற்றி, நீச்சல்குளத்து டிக்கெட் அறைக்குப் போனபோது அங்கே ஆள் இல்லை. சுவரில் பெட்டி இருந்தது. ஒன்றல்ல, இரண்டு.

ஒன்று வெள்ளை. மேலே பெரிய கூட்டல் குறி. இன்னொன்று பச்சை. அதில் இதயம் மாதிரி ஒரு படம், படத்துக்கு நடுவே மின்னல். கீழே பொடி எழுத்தில் என்னவோ எழுதியிருந்தது. சின்னவருக்கு எழுத்துக் கைவந்தது முப்பது வயதுக்கு மேல். நின்று நிதானமாகக் கூட்டிப் படித்தால் படித்துவிடுவார். நிற்க ஏது நேரம்? ஆனால் மின்னலைப் படிக்க எழுத்து வேண்டியதில்லை. ஈரக்கையோடு பிழைப்பு நடத்துகிறவன் மின்னல் போட்ட பெட்டியை எந்தக் கட்டடத்தில் பார்த்தாலும் ஒதுங்கித்தான் போவான். அது கரண்ட் பெட்டி, தொட்டால் ஆள் காலி. சின்னவர் வெள்ளைப் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு உயிரைக் கையில் பிடித்தபடி ஓடி வந்தார்.

போக மூன்று நிமிடம், வர மூன்று நிமிடம்.

குருவி மண்டியிட்டு, கை இரண்டையும் நேராக வைத்து, உரக்க எண்ணிக்கொண்டே அப்பாவின் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தாள். வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. சின்னவர் பெட்டியைத் திறந்தார். பஞ்சு, கட்டுத்துணி, கத்தரிக்கோல், தீப்புண் களிம்பு. குருவி ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

"இது..." என்றாள்.

அதற்கு மேல் சொல்லவில்லை. மறுபடி ஓடி வர ஆறு நிமிடம். அவள் அதையும் கணக்குப் போட்டிருக்க வேண்டும். எண்ணிக்கையை விட்ட இடத்தில் பிடித்தாள். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. நடுவில், "கை போச்சு சித்தப்பா, கொஞ்சம் நீங்க அமுக்குங்க" என்றாள். சின்னவர் கை வைத்தார். உள்ளே எதுவோ இடம் மாறியிருந்தது கையில் தட்டுப்பட்டது. கைக்குழந்தையைத் தட்டிக் கொடுப்பதுபோல் தடவினாரே தவிர, அமுக்க மனம் வரவில்லை. குருவி அவரைத் தள்ளிவிட்டு மறுபடி தானே ஏறிக்கொண்டாள்.

ஆம்புலன்ஸ் ஒன்பதாவது நிமிடம் வந்தது. வந்த ஆட்கள் தோள்பையிலிருந்து நெஞ்சுக்கு ஷாக் கொடுக்கிற ஒரு மெஷினை வெளியே எடுத்தார்கள். பையின் மேல் இதயப் படம், நடுவில் மின்னல். சின்னவர் தான் தூக்கி வந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்தார்.

அவர்கள் அரைமணி நேரம் போராடினார்கள். அப்புறம் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

அந்த வெள்ளைப் பெட்டி இப்போது சமையலறைத் தொட்டிக்கு அடியில், பழைய வாளிக்குப் பின்னால் இருக்கிறது. ஒளித்து வைத்தது சின்னவர். குருவி பார்த்தாள். இரண்டு நாளாக யாரிடமும் ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. குருவியின் வகுப்புப் பிள்ளைகள் ஐந்தாறு பேர், அவர்களுக்கு முன்னால் நரைத்த குட்டை முடியோடு ஒரு அம்மா. ஆம்புலன்சில் இருபது வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது பள்ளிக்கூடங்களில் முதலுதவிப் பயிற்சி கொடுக்கிறவர். பிள்ளைகள் 'ஆம்புலன்ஸ் மிஸ்' என்பார்கள்.

அக்கா எழுந்தே விட்டாள். "நீங்கதானா அந்த அம்மா? வாங்க, வந்து பாருங்க. நீங்க சொல்லிக் குடுத்த லட்சணத்தைப் பாருங்க. நெஞ்செலும்பை ஒடச்சு வச்சிருக்கா."

மிஸ் அண்ணன் காலடியில் கைகூப்பி நின்றார். பிறகு அக்கா பக்கம் திரும்பினார்.

"உடைஞ்சிருக்கும்மா. நான் அமுக்கினாலும் உடையும், டாக்டர் அமுக்கினாலும் உடையும். ரெண்டு இஞ்ச் ஆழம் அமுக்கணும். நின்னுபோன நெஞ்சை வெளியிலேர்ந்து ஓட்டணும்னா அவ்வளவு பலம் வேணும். உங்க மருமக ஒன்பது நிமிஷம் ஒத்தையா ஓட்டியிருக்கா. நான் பார்த்த பெரிய ஆம்பளைங்க நாலு நிமிஷத்துல மூச்சு வாங்கிக்கிட்டு உக்காந்துருவாங்க."

"அவ்வளவு சரியா செஞ்சா, அப்புறம் ஏன் என் தம்பி எந்திரிக்கல?"

மிஸ் குருவியைப் பார்த்தார். "மெஷின் கிடைக்கலையாம்மா?"

"இல்ல மிஸ்." குருவி செம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பக்கத்துல எங்கயும் இல்ல."

மிஸ்ஸின் புருவம் சுருங்கியது. "உங்க வீட்டுக்கிட்ட எங்க இருக்குன்னு தேடி எழுதிட்டு வரச் சொன்னேனே. நீச்சல்குளம் டிக்கெட் ரூம், மூணு நிமிஷ ஓட்டம்னு எழுதினது நீதானே? வகுப்புல நீ ஒருத்திதான் ஓடிப் பார்த்துட்டு வந்து எழுதினவ."

குருவி செம்பைக் கீழே வைத்தாள். அக்கா அவளை முறைத்தாள். "பாருங்க, பொய் வேற!"

சின்னவர் சமையலறைக்குள் போனார். வாளி உருளும் சத்தம் கேட்டது. வெள்ளைப் பெட்டியை எடுத்து வந்து கூடத்தின் நடுவே வைத்தார்.

"பொய் சொன்னது எனக்காக" என்றார். "என்னைத்தான் அனுப்பினா. போனேன். அங்க ரெண்டு பெட்டி இருந்துச்சு. நான் இதைத் தூக்கிட்டு வந்தேன்."

ஒரு மாணவி பெட்டியின் மேலிருந்த கூட்டல் குறியைப் பார்த்துவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அதுல மின்னல் போட்டிருந்துச்சு. கரண்ட் பெட்டின்னு நினைச்சேன். இருபத்திரண்டு வருஷம் எங்கண்ணன் கேக்காமலே கையில எடுத்துக் குடுத்தவன் நான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை..." பெட்டியின் மூடியை அழுத்திச் சாத்திவிட்டுச் சொல்லி முடித்தார். "புள்ளை மேல ஒரு தப்பும் இல்ல. யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லாதீங்க. சொல்லணும்னா என்னைச் சொல்லுங்க."

"நீயாடா?" என்றாள் அக்கா. உட்கார்ந்துவிட்டாள்.

மிஸ் குருவியிடம் கேட்டார்: "சித்தப்பாகிட்ட என்னன்னு சொல்லி அனுப்பின? அதே வார்த்தையைச் சொல்லு."

"பெட்டியை எடுத்துட்டு வாங்கன்னு சொன்னேன் மிஸ்."

மிஸ் தலையைக் குனிந்துகொண்டார். "வகுப்புல நான் அப்படித்தானே சொல்வேன்? 'ஒருத்தர் அமுக்குங்க, ஒருத்தர் பெட்டி எடுத்துட்டு வாங்க.' எட்டு வருஷமா அப்படித்தான் சொல்லிக் குடுக்கிறேன். எந்தப் பெட்டின்னு ஒரு புள்ளைகூட கேட்டதில்ல. ஏன்னா வகுப்புல இருக்கிறது ஒரே பெட்டி."

"அந்த மெஷின் வந்திருந்தா எங்கண்ணன் பிழைச்சிருப்பாரா?" சின்னவர் நேருக்கு நேர் கேட்டார்.

"தெரியாதுங்க. உங்களைத் தேத்தறதுக்காகப் பொய் சொல்ல மாட்டேன். ஆம்புலன்ஸ் வர்றதுக்கு மூணு நிமிஷம் முன்னாடி மெஷின் வந்திருக்கும். மூணு நிமிஷம் சின்ன விஷயம் இல்ல. வந்தும் பிழைக்காதவங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன். ஒரு வாய்ப்பு போச்சு. அதுக்கு மேல யாராலயும் எதுவும் சொல்ல முடியாது."

சின்னவர் தலையாட்டினார். இந்த இரண்டு நாளில் யாரோ முதல் தடவையாக அவரிடம் சரியான அளவைச் சொன்னமாதிரி இருந்தது.

அப்போதுதான் அண்ணி வாயைத் திறந்தாள்.

"குருவி, இங்க வா."

குருவி போய் எதிரில் உட்கார்ந்தாள். அண்ணி அவள் வலது கையை எடுத்து மடியில் வைத்து, வீங்கிய மணிக்கட்டைச் சுற்றி விரலால் மெதுவாக அழுத்திப் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"கொஞ்சம்."

"ஏன்டி சொல்லல?"

"சொல்லி என்னம்மா ஆகப்போகுது? சித்தப்பா ஒத்தைச் செருப்போட ஓடினாரு."

அண்ணி கொழுந்தனாரை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள், அழுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோய்க் குடுத்துடுங்க" என்றாள். "அங்க யாருக்காவது அடிபட்டுச்சுன்னா கட்டுப்போட வேணுமில்ல."

வெளியிலிருந்து வண்டிக்காரர் குரல் கொடுத்தார். நேரமாகிவிட்டது. இறக்கும்போது சின்னவர் முன்பக்கம் பிடித்தார். கம்பி இல்லாத வளைவில் அண்ணன் எங்கேயும் இடிக்காமல் திரும்பினார்.

அண்ணனை எடுத்த மூன்றாம் நாள் காலை, வேலைக்குப் போகும் வழியில் சின்னவர் நீச்சல்குளத்துக்குப் போனார். டிக்கெட் கொடுக்கிறவர் பெட்டியைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்.

"நாலு நாளா தேடறேன்யா! கட்டுத்துணி திருடுறவனை என் சர்வீஸ்லயே இப்பத்தான் பாக்கறேன்."

சின்னவர் நடந்ததைச் சொன்னார். சுருக்கமாகத்தான் சொன்னார். கேட்டவர் நாற்காலியை நகர்த்தி அவரை உட்காரச் சொன்னார். சின்னவர் உட்காரவில்லை.

"அந்தப் பச்சைப் பெட்டிக்கு மேல ஒரு தாள் ஒட்டுங்க. பெரிய எழுத்துல, 'இது கரண்ட் பெட்டி இல்ல. நெஞ்சு நின்னுபோனவங்களுக்கு. தொடலாம்'னு எழுதுங்க."

"மேல ஆபீசுல கேக்கணுமே. சுவத்துல நாமளா எதையும் ஒட்டக் கூடாது."

"கேளுங்க. நாளைக்கு வரேன்."

மறுநாள் போனார். இன்னும் கேட்கவில்லை என்றார் டிக்கெட்காரர். அடுத்த நாளும் போனார். கேட்டிருக்கிறேன் என்றார். அதற்கு அடுத்த நாள் டிக்கெட்காரர் தூரத்திலேயே இவரைப் பார்த்துவிட்டு, "யோவ், உன் தொல்லை தாங்கலய்யா" என்று சொல்லி, தானே ஒரு அட்டையை எடுத்துத் தடித்த பேனாவால் எழுத ஆரம்பித்தார். "தொடலாம்னு மட்டும் போதுமா?" என்று கேட்டார். சின்னவர் யோசித்து, "எடுத்துட்டு ஓடுங்கன்னும் எழுதுங்க" என்றார்.

வீட்டில் வேறொரு மல்லுக்கட்டு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க மிஸ் தேர்ந்தெடுத்திருந்த மூன்று பேரில் குருவியும் ஒருத்தி. அந்த வாரம் அவள் முறை. போக மாட்டேன் என்று சாதித்தாள். அந்தப் பொம்மையை இனித் தொட முடியாதாம்.

"சரி, போக வேணாம்" என்றாள் அண்ணி, துவைத்த துணியை மடித்துக்கொண்டே. "உனக்குப் பதிலா நான் போய் நிக்கிறேன். எனக்கு ஒண்ணும் தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொல்லிக் குடுத்துட்டு வரேன். உங்க சித்தப்பா கூட வந்தாருன்னா இன்னும் விசேஷம்."

குருவி சிரித்துவிட்டாள். அப்பா போனபின் முதல் தடவை. சிரித்த கையோடு அழுதாள். வியாழக்கிழமை கிளம்பினாள்.

சின்னவரும் கூடப் போனார். பள்ளிக்கூடத்துக் கூடத்தில் பாய் விரித்து, இடுப்பு வரைக்குமான ரப்பர் பொம்மைகள் ஆறு படுத்திருந்தன. சட்டையைத் திறந்து பழக வேண்டும் என்பதற்காக ஒவ்வொன்றுக்கும் பழைய முழுக்கைச் சட்டை மாட்டியிருந்தார் மிஸ். நாற்பது பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் குருவி.

"ஒருத்தரை அனுப்பும்போது, யாராவது போங்கன்னு சொல்லாதீங்க. ஆளைக் கை காட்டிச் சொல்லுங்க. பெட்டின்னு சொல்லவே சொல்லாதீங்க. ஷாக் மெஷின்னு சொல்லுங்க."

பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "அக்கா, ஷாக் மெஷின்னா அவரு கொசு பேட்டைத் தூக்கிட்டு வந்துட்டா?" என்றான். கூடமே சிரித்தது.

குருவியும் சிரித்தாள். "வருவாரு. அதனாலதான் கலரைச் சொல்லணும், படத்தைச் சொல்லணும். பச்சை, இதயம், நடுவுல மின்னல், தொட்டா ஒண்ணும் ஆகாது. சொல்லிட்டு, நான் என்ன சொன்னேன்னு திருப்பிச் சொல்லச் சொல்லணும். அவரு திருப்பிச் சொன்ன பிறகுதான் ஓட விடணும். ரெண்டு செகண்டு ஆகும். ஆகட்டும்."

சின்னவர் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அமுக்கும்போது ஒரு சத்தம் வரலாம்." குருவி ஒரு கணம் நிறுத்தினாள். "எலும்புச் சத்தம். பொம்மைல அது வராது. வந்தா கை தானா நிக்கப் பாக்கும். நிக்கக் கூடாது. எண்ணிக்கிட்டே இருங்க. சித்தப்பா, நீங்க வாங்க."

நாற்பது தலைகள் திரும்பின. சின்னவர் வேட்டியை மடித்துக் கட்டி, கடைசிப் பொம்மை முன்னால் மண்டியிட்டார். சட்டையைத் திறந்தார். கை வைத்தார். குருவி பின்னால் வந்து அவர் முழங்கையைத் தட்டி நேராக்கினாள். "மடக்காதீங்க. தோள்லேர்ந்து வரணும் பலம். இன்னும் ஆழம். இன்னும். பயப்படாதீங்க சித்தப்பா."

அவர் அமுக்கினார். பிள்ளைகள் எண்ணினார்கள். முப்பது போனது, அறுபது போனது, நூறு போனது, இருநூறு போனது. மிஸ் கடிகாரத்தைப் பார்த்து, "ரெண்டு நிமிஷம் ஆச்சு, ஆள் மாத்தலாம்" என்றார். சின்னவர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டுத் தொடர்ந்து அமுக்கினார். நாலு நிமிடம் தாண்டியபோது தோள் எரிந்தது. ஆறு தாண்டியபோது பிள்ளைகளின் குரல் கம்மியது. அவர் கை ஓயவில்லை. ஒன்பதாவது நிமிடம் முடிந்ததும் தானே நிறுத்தி, குதிகாலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

குருவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மணி அடித்தது. பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். அடுத்த வகுப்பு வாசலில் வரிசை கட்டி நின்றது.

"சட்டையை எல்லாம் மூடி வைக்கணும், அடுத்தவங்களுக்கு" என்றாள் குருவி.

அவள் அந்தக் கோடியிலிருந்து ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தாள். சின்னவர் தன் முன்னால் இருந்ததை எடுத்துக்கொண்டார். கீழிருந்து ஒவ்வொரு பட்டனாகப் போட்டார். காய்த்துப்போன விரலுக்குள் அந்தப் பொடிப் பட்டன் அடங்காமல் வழுக்கியது. அவசரப்படாமல் மறுபடி மறுபடி பிடித்தார். நெஞ்சுக்கு மேலே சுருங்கியிருந்த துணியை உள்ளங்கையால் நீவிவிட்டார். மூச்சு முட்டக் கூடாது என்பதுபோல், கழுத்துப் பட்டனை மட்டும் போடாமல் விட்டார்.